எட்டடிப் பேனரில் படி விழுந்த மீன்

உலகத் தமிழர்களுக்கும், குறிப்பாக ஜெரம் முதல் கெர்லிங் வரை தூண்டில் பிடித்த கையினர் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: வட சிலாங்கூர் தூண்டில் கழகத்தின் இவ்வாண்டு 'மீன்வேந்தர்' பட்டமும், பெர்னார்ட் நினைவுச் சுழற்கிண்ணமும், திருமதி டொரீன் பெர்னார்ட் இல்லத்து ஞாயிறு மதிய விருந்தும் திருவாளர் மார்கஸ் அவர்களையே சாரும். இத்தீர்ப்பு இறுதியானது. மேல்முறையீடு கிடையாது.

இந்த அறிவிப்பை எழுதியவர் கழகச் செயலாளர் கிளாரன்ஸ். அதைக் கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிவிட்டு, நீல டிக் விழுவதற்குள் மேல்முறையீட்டுக்கு ஆள் தேடி ரவாங்குக்கு வண்டியை விரட்டியவரும் அவரே.

ரவாங்கில், மசாலா அரைக்கும் கடையின் மேல்மாடியில் இருந்தது துப்பறியும் மகாதேவாவின் அலுவலகம். வருகிறவர்கள் முதலில் தும்முவார்கள், பிறகுதான் துக்கத்தைச் சொல்வார்கள். மகாதேவாவின் தாத்தா தோட்டத்துக் கிராணியாக இருந்தவர். விடிந்ததும் லயத்து ஜனங்களின் பேரைக் கூப்பிட்டு, வந்தவனையும் வராதவனையும் ஒரே அளவு சந்தேகப்பட்ட பரம்பரை. அந்தச் சந்தேகத்தைத் தவிர வேறு சொத்து எதையும் தாத்தா விட்டுப் போகவில்லை என்பதால், மகாதேவா அதையே தொழிலாக்கிக்கொண்டார்.

கிளாரன்ஸ் வந்தார், தும்மினார், உட்கார்ந்தார். தூண்டில் கம்புக்குக் கால்சட்டை மாட்டியது போன்ற உடம்பு. கைப்பேசியை மேசைமேல் வைத்தார். சுங்கை செம்பிலாங் படகுத்துறையில் கட்டியிருந்த எட்டடிப் பேனரின் படம் அதில் இருந்தது. படகில் நிற்கும் மார்கஸ் சியாக்காப் எனப்படும் கொடுவா மீன் ஒன்றை வயிற்றுக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

“இது மீன் இல்ல சார், மோசடி.”

“அதை நான்தான் சொல்லவேண்டும்,” என்றார் மகாதேவா. “நீங்கள் சந்தேகத்தை மட்டும் சொன்னால் போதும்.”

“ஓரத்தப் பாருங்க சார். வாலு, முதுகு, எல்லாம் படிபடியா வெட்டி வெட்டி நிக்குது. சின்ன மீனப் புடிச்சி, கம்ப்யூட்டர்ல இழுத்துப் பெருசாக்கி ஒட்டியிருக்கான்.”

மகாதேவா படத்தை உற்றுப் பார்த்தார். உண்மைதான். மீனின் முதுகு பத்துமலைப் படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கியது.

“மீன் பெருசுன்னு எப்படிங்க முடிவு பண்றீங்க? நிறுத்துப் பாக்க மாட்டீங்களா?” என்று கேட்டது ஜன்னலோரத்து மேசை. அங்கே உதவியாளர் ரூபிணி இருந்தாள். மகாதேவாவிடம் வருவதற்கு முன் கல்யாண ஸ்டூடியோ ஒன்றில் மணப்பெண்களின் முகப்பருவைப் பல வருஷம் அழித்துப் பழகிய கை.

கிளாரன்ஸ் விளக்கினார். முன்பெல்லாம் நிறுத்துத்தான் பார்த்தார்கள். கூட்டம் கூடக்கூடாது என்றிருந்த கோவிட் காலத்தில் படம் அனுப்பினால் போதும் என்று ஆனது. கோவிட் போனது, படம் போகவில்லை. மீனை வயிற்றுக்குக் குறுக்கே பிடிக்கவேண்டும். உடம்புக்கு இரண்டு பக்கமும் எவ்வளவு மீன் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதோ, அதை வைத்துத்தான் தீர்ப்பு.

“யார் கண்டுபிடிச்ச ரூல் இது?”

“நான்தான்,” என்றார் கிளாரன்ஸ் அடக்கமாக. “அதுலருந்து மூணு வருஷமா கிண்ணம் எனக்குத்தான்.”

பேசப் பேச அவருடைய நாற்காலி கொஞ்சம் கொஞ்சமாக ரூபிணி பக்கம் திரும்புவதை மகாதேவா கவனித்தார். எல்லா வழக்கிலும் இதே கதை. பலகையில் பெயர் அவருடையது. ஆனால் வருகிறவர்கள் மூன்றாவது வாக்கியத்திலேயே சூரியகாந்தி மாதிரி அவள் பக்கம் திரும்பிவிடுவார்கள். மகாதேவா இருமினார். நாற்காலி திரும்பி வரவில்லை.

“ஒரு கிண்ணத்துக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?”

கிளாரன்ஸ் தலையைக் குனிந்தார். “கிண்ணத்த யாருக்கு வேணும், மேடம்? விருந்துதான். டொரீன் அவங்க வீட்டுக்காரர் பெர்னார்ட் போனப்புறம், அவர் பேர்ல கிண்ணம் குடுத்து, ஜெயிச்சவனக் கூப்ட்டு, அந்த மீனையே சமைச்சிப் போடுவாங்க. மூணு வருஷமா அவங்களுக்கு வலப்பக்கத்து நாற்காலி என்னுது. இந்த வருஷம் கேட்டுடலாம்னு இருந்தேன்.”

“என்ன, இன்னொரு கரண்டி குழம்பா?”

“கல்யாணம்லா!” கிளாரன்ஸின் குரல் உடைந்தது. “இப்ப அந்த நாற்காலியில மார்கஸ் உக்காரப்போறான். ஞாயித்துக்கிழமை. அந்தத் தடியன் உக்காந்தா நாற்காலி தாங்குமா? என் நாற்காலி மேடம் அது!”

பொறாமையில் ஒரு நேர்மை உண்டு. மற்ற உணர்ச்சிகள் எல்லாம் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வரும். இது மட்டும் பனியனோடு வந்து நிற்கும். மகாதேவாவுக்குக் கிளாரன்ஸைப் பிடித்துப்போனது.

ரூபிணி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “பாஸ், இங்க பாருங்க. மீனோட அடிவயித்துல நீட்டா ஒரு கோடு ஓடுது.”

“ஒட்டின தழும்பு,” என்றார் மகாதேவா உடனே.

“அது ஒண்ணும் இல்ல, அத விடுங்க,” என்றார் கிளாரன்ஸ், அதைவிட உடனே.

*

மறுநாள் ரூபிணிதான் கார் ஓட்டினாள். மகாதேவாவுக்கு ஓட்டத் தெரியும். ஆனால் பின்சீட்டில் உட்கார்ந்தால்தான் துப்பறிவாளர் மாதிரி இருக்கும் என்பது அவர் கொள்கை. இருபுறமும் செம்பனை. எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. முந்த இடமில்லை.

“ரூபிணி, கடையில் நான் பேசுகிறேன். நீர் குறிப்பு மட்டும் எடும்.”

“ஓகே பாஸ். யாராவது என்னக் கேட்டா?”

“என்னைக் கேட்கச் சொல்லும்.”

“உங்களக் கேட்டா?”

“நான் உம்மைப் பார்ப்பேன். அப்போது சொல்லும், மெதுவாக.”

பேனரை அடித்தது குவாலா சிலாங்கூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த புவனேசன் கடை. பிறந்தநாள், காதுகுத்து, கருமாதி, கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் ஒரே ரோஜாப்பூ பின்னணியில் பேனர் அடிக்கிற கடை. மகாதேவா கம்பீரமாக உள்ளே நுழைந்து, அட்டையை நீட்டி, “நான் மகாதேவா,” என்றார்.

“ஐயோ, ரூபிணியா!” என்றான் புவனேசன். “எத்தன வருஷம் ஆச்சு! உக்காரு. என்ன குடிக்கிற?” அட்டை அவன் கையில் விசிறியாக மாறியது.

மீன் படத்தைப் பார்த்ததும் புவனேசனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இதுவா? இது எனக்கே வெக்கம். வாட்ஸ்அப்ல வந்த படம், கட்டவிரல் சைஸுக்குத்தான் இருந்துச்சு. அத எட்டடிக்கு இழுத்தா என்ன ஆகும்? ஒவ்வொரு புள்ளியும் தரையில ஒட்டுற ஓடு மாதிரி ஆயிடும். சாஞ்ச கோடெல்லாம் படியா நிக்கும்.”

மகாதேவா ரூபிணியைப் பார்த்தார்.

“அதுக்குத்தான் வழி இருக்கே,” என்றாள் அவள், மெதுவாக. “பெருசாக்குறப்ப பக்கத்துப் பக்கத்துப் புள்ளிங்களக் கலந்து நெரப்பச் சொல்லணும். ஓரம் வழுவழுன்னு இறங்கும். கலக்காம, இருக்கிற புள்ளிய அப்படியே ஊதிவிட்டா படிதான். ஏண்ணே அப்படி அடிச்சீங்க?”

“நானா? நான் கேட்டேன்லா! ‘அண்ணே, ஓரத்தையெல்லாம் மெழுகி விடவா’ன்னு. ‘ஒண்ணும் மெழுக வேணாம், இருக்கிற மாதிரியே அடி, இவன் மூஞ்சிக்கு இது போதும்’னாரு கிளாரன்ஸ் அண்ணன். ஆர்டர் குடுத்தது அவருதானே, செயலாளரு.”

பொறாமையில் கிளாரன்ஸ் தன் கையாலேயே படி கட்டி, அந்தப் படியில் தானே ஏறி ரவாங் வரை வந்திருக்கிறார்.

“ஆக, மீன் ஒட்டினது இல்ல,” என்றாள் ரூபிணி. “மீன்ல மட்டும் படி இருந்தா ஒட்டினதுன்னு சொல்லலாம். இங்க தொப்பியிலயும் படி. படகுலயும் படி. பின்னால கண்டல் மரத்துலயும் படி. எல்லாரும் ஒரே படத்துல ஒண்ணாப் பொறந்தவங்க.”

வழக்கு முடிந்துபோகிற அபாயம் தெரிந்தது. மகாதேவா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டார். தாத்தா காலத்துச் சந்தேகம் விழித்துக்கொண்டது. தாத்தா வந்தவர்களை எண்ணமாட்டார். வராதவன் யார் என்றுதான் தேடுவார்.

“புவனேசன், பேனர் முழுக்கப் படி என்கிறீர். படி இல்லாத இடம் எது?”

மூவரும் திரையை நெருங்கினார்கள். தலை, படி. தோள், படி. மீன், படி. அதற்குமேல்...

ரூபிணி மூச்சை இழுத்தது மகாதேவாவுக்குக் கேட்டது. அவள் வாயைத் திறப்பதற்கு அரை நொடி இருந்தது. அந்த அரை நொடிக்குள் மகாதேவா கத்தினார்: “இடுப்பு!”

மார்கஸின் இடுப்பு வெண்ணெய் தடவியது போல வழுக்கிக்கொண்டு இறங்கியது. மீனுக்கு மேலே சட்டை ஓரம் இரண்டு பக்கமும் வழவழ. மீனுக்குக் கீழேயும் வழவழ. படகே படிக்கட்டாக நிற்கும்போது இந்த மனுஷனின் தொப்பை மட்டும் மெழுகியிருந்தது.

“அதத்தான் நானும் சொல்ல வந்தேன்,” என்றாள் ரூபிணி.

“சொல்ல வந்தது வேறு, சொன்னது வேறு,” என்றார் மகாதேவா பெருந்தன்மையோடு.

அவள் விரல் இன்னொரு இடத்தைத் தொட்டது. படகின் கைப்பிடிக் கம்பி பின்னால் நேராக ஓடிவந்து, மார்கஸின் இடுப்பை நெருங்கியதும், பெரிய மனிதரைக் கண்டு குனிவது போல உள்பக்கம் வளைந்து, அவரைக் கடந்ததும் மறுபடி நிமிர்ந்து போனது.

“இரும்புக் கம்பி மரியாத குடுக்குமா பாஸ்? போன்ல வயித்த உள்ள தள்ளுற ஆப் இருக்கு. விரலால தேச்சா இடுப்பு உள்ள போகும். தேச்ச இடம் மங்கிப்போகும், பின்னால இருக்கிறதும் கூடவே வளையும். மங்கின ஓரத்த எவ்வளவு இழுத்தாலும் படி தெரியாது. மீனத் தொடல. மேலயும் கீழயும் தேச்சி, ஆளத்தான் சின்னதாக்கியிருக்கான்.”

“மணப்பொண்ணுங்கதான் இப்படிக் கேப்பாங்க,” என்றான் புவனேசன். பழகின கை சும்மா இருக்காமல் அவன் படத்தைப் புள்ளி கலந்து மறுபடி பெரிதாக்கினான். படிகள் கரைந்தன. மீன் வழுவழுப்பாக, உயிரோடு துள்ளுவது போல் ஆனது. அடிவயிற்றுக் கோடு மட்டும் போகவில்லை. முன்பைவிடத் தெளிவாக நின்றது.

“பாஸ், அந்தக் கோடு...”

“தொப்பையே கிடைத்துவிட்டது, கோட்டுக்கு என்ன வேலை? புறப்படும்.”

*

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, டொரீன் வீட்டு முன்கூடத்தில் மேசை போட்டிருந்தார்கள். சுவரில் மாலையோடு பெர்னார்ட், கையில் தூண்டிலோடு சிரித்தார். டொரீன் ஐம்பதைத் தொட்ட, குரலை உயர்த்தத் தெரியாத பெண்மணி. வலப்பக்கத்து நாற்காலியில் மார்கஸ் உட்கார்ந்திருந்தான், படத்தில் இல்லாத தொப்பை முழுவதோடும். கிளாரன்ஸ் அழைப்பில்லாமல் வந்து, எதிரே இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். பார்வை மட்டும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

மகாதேவா தொண்டையைச் செருமினார். எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்களா என்று ஒரு சுற்றுப் பார்த்தார். ரூபிணியைப் பார்த்தவர்களை முறைத்தார்.

“இந்தப் பேனரில் ஒரு பொய் இருக்கிறது. மீனைப் பெரிதாக்கினார்கள் என்றார் என் கட்சிக்காரர். இல்லை! மீன் சொன்னது உண்மை. பொய் சொன்னது இவர் வயிறு. சிறிதாக்கப்பட்டது இவர்!” வளைந்த கம்பியையும் வழுக்கிய ஓரத்தையும் அவர் விளக்கிய விளக்கத்தில் கண்டுபிடித்தவர்கள் இரண்டு பேர் என்பது மட்டும் விட்டுப்போயிற்று.

மார்கஸின் முகம் கறுத்தது. டொரீனைப் பார்த்தான். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

“ஆமா, தேச்சேன்! என்ன இப்ப? இந்த ரூலப் போட்டது யாரு? உடம்புக்கு வெளிய நீட்டுறது கணக்குன்னா, எனக்கு வெளிய நீட்டணும்னா திமிங்கலம்தான் புடிக்கணும்!”

“பொய் சொன்னவன் நீ,” என்றார் கிளாரன்ஸ்.

“ஒரு நிமிஷம்,” என்று ரூபிணி சமையலறைக்குள் போனாள். வரும்போது கையில் ஒரு புடலங்காய் இருந்தது. கிளாரன்ஸின் இடுப்புக்குக் குறுக்கே அதைப் பிடித்தாள். இரண்டு பக்கமும் முழம் முழமாக நீட்டிக்கொண்டு நின்றது. அதே புடலங்காயை மார்கஸின் இடுப்புக்குக் குறுக்கே பிடித்தாள். வாலும் தலையும் எட்டிப் பார்த்துவிட்டு ஒளிந்துகொண்டன.

“புடலங்காய் வளரல பாஸ். ஆள்தான் மாறினாங்க.”

மூன்று வருஷத்துக் கிண்ணங்களும் எதனால் வந்தவை என்பது கிளாரன்ஸின் முகத்தில் எழுதியிருந்தது. அவர் போன வருஷம் பிடித்தது அயிரையாக இருந்தாலும் அவர் இடுப்பில் அது ஆனையாகத் தெரிந்திருக்கும்.

“நான் பட்டினி கிடந்து இளைக்கல, பொறந்ததே இப்படித்தான்,” என்றார் கிளாரன்ஸ் ஈனக்குரலில். “அவன் கொழுத்துப்போனது என் தப்பா? டொரீன், நீங்களே சொல்லுங்க. நான் படத்தத் தொடல. என் மீன் நேர்மையான மீன்.”

“என் மீனும் நேர்மையான மீன்தான்!” என்றான் மார்கஸ். “வயிறுதான்...”

“உன் வயித்தப் பத்தி யாரு கேட்டா?”

“உன் இடுப்பப் பத்தி யாரு கேட்டா?”

டொரீன் எழுந்தார். உள்ளே போய் ஒரு பெரிய சட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். மூடியைத் திறந்தார். கோழிக்கறி.

இருவரும் சட்டியைப் பார்த்தார்கள். “மீன்?” என்றான் மார்கஸ்.

“ஃபிரிட்ஜில இருக்கு. எனக்கு அலுத்துப்போச்சு லா.” டொரீன் கரண்டியைத் துடைத்தார். குரல் அப்போதும் உயரவில்லை. “மார்கஸ் குடுத்த மீன் வயித்தக் கீறி, கொடல் எடுத்து, கழுவி வந்துச்சு. கிளாரன்ஸ் மூணு வருஷம் குடுத்ததும் அப்படித்தான். நான் ஒண்ணுமே சுத்தம் பண்ணல, அப்படியே குழம்புல போட்டேன். கடலு கொடல் எடுத்தா குடுக்குது?”

மகாதேவாவின் கண்முன் அந்தக் கோடு வந்து நின்றது. புவனேசன் மெழுகியும் போகாத, நேரான, சுத்தமான கத்திக் கோடு. ரூபிணி அவர் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

“ஜெரம் மீன் சந்தையில வாங்குனதா?” என்று ரூபிணி மார்கஸைக் கேட்டாள்.

மார்கஸ் கிளாரன்ஸைப் பார்த்தான். கிளாரன்ஸ் மார்கஸைப் பார்த்தார். இரண்டு பேர் முகத்திலும் ஒரே கேள்வி: எனக்குப் பெரிதைக் கொடுக்காமல் அவனுக்குக் கொடுத்தாளா அந்தக் கடைக்காரி? புதிய பொறாமை ஒன்று அங்கேயே முளைவிட்டது.

“உங்களுக்குத் தெரிஞ்சிருந்தும் ஏன் சொல்லல, டொரீன்?” என்றார் கிளாரன்ஸ். “நான் அந்த நாற்காலியில உக்காந்து...”

“சொன்னா யாரும் மீன் கொண்டாரமாட்டீங்க. சும்மா வர்ற மீன ஏன் விடணும்?” என்ற டொரீன், காலியாகிவிட்ட வலப்பக்கத்து நாற்காலியை இழுத்து ரூபிணியை உட்காரச் சொன்னார். “உக்காரும்மா. புடலங்காய எடுத்தியே, அதையும் பொரியல் பண்ணிடலாம். இந்த மூணு பேருக்கும் பசிச்சா அந்தப் பக்கம் உக்காரலாம்.”

மூன்று ஆண்கள் அந்த நாற்காலியைப் பார்த்தார்கள். இருவர் பொறாமைப்பட்டதற்குக் காரணம் டொரீன். மூன்றாமவர் பொறாமைப்பட்டதற்குக் காரணம், கடைசிவரை நாற்காலி ரூபிணி பக்கமே போய்ச் சேருகிறதே என்பது.

விட்ட கம்பீரத்தில் கொஞ்சத்தையாவது மீட்டுக்கொள்ள நினைத்தார் மகாதேவா. சுவரைக் காட்டி, கைகூப்பி, “உண்மையான மீனவர் என்றால் அது அவர்தான். அமரர் பெர்னார்ட்,” என்றார்.

“அவரா?” டொரீன் சோறு போட்டுக்கொண்டே சொன்னார். “அவருக்குத் தண்ணின்னாலே பயம். தூண்டிலு படத்துக்குப் புடிச்சது.”

வட சிலாங்கூர் தூண்டில் கழகத்தில், அது தொடங்கிய நாள் முதல் இன்றுவரை, யாரும் மீன் பிடித்ததில்லை.